வியாழக்கிழமைக் குரல்கள்

எனக்கு இன்று குரு என்று யாரும் இல்லை. பூஜையறையில் முன்பு குருவின் படம் இருந்த இடத்தில் விளக்கு மட்டும் எரிகிறது. விடிவதற்கு முன் எழுந்து, ஜன்னலோரம் பாயை விரித்து உட்காருகிறேன். மனம் அலைகிறது; அலைந்து களைத்து அடங்குகிறது. பெரிய தரிசனம் எதுவும் இல்லை. ஆனால் அன்றைய பொழுதைத் தாங்க அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருக்கிறது. யாரும் தந்ததில்லை என்பதால் யாரும் திருப்பிக் கேட்க முடியாத அமைதி அது. அதில் எனக்கு நிறைவுதான்.

அப்படியிருந்தும் வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் மனசு விழுப்புரத்துக்குப் போய்விடுகிறது. குருவைத் தேடிப் போவதில்லை. அவருடைய பாதுகைக்கு முன்னால் உட்கார்ந்து பாடிய குரல்களைத் தேடித்தான் போகிறது.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பஜனை நடக்கும். விழுப்புரம் ஜங்ஷன் ஊர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ரயில்வே சம்பளம்தான். ஐந்து மணிக்கே அந்த வீட்டு மாமி கூடத்தைக் கழுவித் துடைத்து, கோலம் போட்டு, ஜமக்காளம் விரித்துவிடுவார். கிழக்குச் சுவரோரம் மரப்பீடம், அதன்மேல் பட்டுத்துணி, பட்டின்மேல் பாதுகை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆர்மோனியம் வாசிப்பவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். டோலக் வாசிப்பவர் கூட்ஸ் வண்டி கார்டு. அவருக்கு டியூட்டி விழுந்த வாரம் ஜால்ரா மட்டுமே தாளம். சாம்பிராணிப் புகை உத்தரம் வரை எழும்பி நிற்கும்.

வரிசை மாறாது. முதலில் பிள்ளையார், அடுத்து குரு, பிறகு அம்பாள், சிவன், முருகன், ராமன், கிருஷ்ணன், கடைசியில் ஆஞ்சநேயர். ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். முதலில் விளம்பத்தில் நடந்து, அப்புறம் வேகம் கூடி, கைத்தட்டல் கூரையைத் தொடும்போது சட்டென்று மறுபடி மெதுவாக இறங்கி நிற்கும். அந்த இறக்கத்தில் கூடத்தில் ஒரு அமைதி விழும். இன்று நான் தனியே தேடி அடையும் அமைதியை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். பின்னே மங்களம், கற்பூர ஆரத்தி, தொன்னையில் சுண்டல். பாத்திரம் கழுவ இளசுகள் கிணற்றடிக்கு ஓடுவோம்.

பெண்கள் பக்கத்தில் எனக்கு வலப்புறம் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் ஆயா உட்காருவார். இடப்புறம் தாசில்தார் வீட்டம்மா. அந்தக் கூடத்துக்கு வெளியே அவர்கள் இருவரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார வழியே இல்லை. ஆயாவுக்குச் சுருதி சேராது. தாசில்தார் வீட்டம்மாவுக்குப் பாட்டு முறையாகத் தெரியும். ஆனால் நாமாவளி வேகம் எடுத்துவிட்டால் எது யாருடைய குரல் என்று பிரிக்க முடியாது. என் குரல் எனக்கே கேட்காத அந்த நிமிஷங்களைப் போன்ற சுகத்தை நான் அதற்குப் பிறகு அனுபவிக்கவில்லை.

எதிர் வரிசை வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கல்லூரிக்குப் போன மகனை விபத்தில் பறிகொடுத்தார். காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வந்து கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முருகன் நாமாவளி எப்போதும் அவர் எடுத்துக் கொடுப்பது. அம்பாளும் சிவனும் முடிந்து முருகன் வந்ததும் கூடம் அப்படியே நின்றுவிட்டது. வாத்தியாரின் விரல் ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு மாமி, அக்கா பாடும் அதே மெட்டில், அவர் எடுக்கும் அதே சுருதியில் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் வாங்கிப் பாடினோம். அக்கா வாய் திறக்கவில்லை. பல வாரங்கள் அப்படித்தான் போயின; அவருக்குப் பதில் நாங்கள் பாடினோம். ஒரு வியாழக்கிழமை, பாட்டு பாதி தாண்டியபோது கடைசி வரிசையிலிருந்து அவர் குரலும் வந்து சேர்ந்துகொண்டது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தியானம் எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. இதை மட்டும் அதனால் கொடுக்க முடியவில்லை. என்னால் பாட முடியாத நாளில் எனக்காகப் பாட அந்தப் பாயில் வேறு யாரும் இல்லை.

குரு நல்லவர். வருஷத்துக்கு ஒருமுறை தை மாதத்தில் வருவார்; பாதபூஜை நடக்கும்; குழந்தைகளுக்குக் கல்கண்டு கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். அவரைப் பற்றித் தவறாகச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவரைச் சுற்றி ஒரு பழக்கம் வளர்ந்துவிட்டது. பெண்ணுக்கு வரன் வந்தால் குருவுக்கு எழுதிக் கேட்பார்கள். வேலை மாற்றலா, வீடு வாங்குவதா, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, எல்லாவற்றுக்கும் கடிதம். பதில் வரும்வரை குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பதில் வந்துவிட்டால் பாரம் இறங்கிவிடும். பாரத்தை இறக்கிவைக்க ஒரு பாதம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு ராத்திரி அம்மாவுக்கு வயிற்று வலி முற்றி, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். கடிதம் எழுத நேரம் இல்லை. கேட்க ஆளும் இல்லை. காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் அசையாமல் ஒன்று இருந்தது. அது யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தானாக இருந்தது. அம்மா பிழைத்து வந்தார். அந்த இரவுக்குப் பிறகு நான் கடிதம் எழுதவில்லை. சில வருஷம் கழித்து குரு சமாதி ஆனார். பாதுகை யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. கூடம் இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன்பே நான் விலகியிருந்தேன். அம்மா காரணம் கேட்கவில்லை. வியாழன்தோறும் போய்வருவார். என் பங்குச் சுண்டலைத் தொன்னையில் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் படுக்கப் போவார்.

விலகிய பிறகு திருவண்ணாமலைக்கு அடிக்கடி போகத் தொடங்கினேன். அந்த ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு பையனின் கதையில் விழுப்புரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு உரிமை உண்டு. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி மதுரையில் சித்தப்பா வீட்டை விட்டு ரயிலேறிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், மறுநாள் விடிவதற்குள் இறங்கியது எங்கள் ஊர் நிலையத்தில். திருவண்ணாமலைக்கு எந்தப் பக்கம் போவது என்று தெருத்தெருவாக நடந்து வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்தான். மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உண்டுவிட்டு இரண்டணாவை நீட்டியபோது, பையன் கையில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று அறிந்து கடைக்காரர் வாங்க மறுத்தார். மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைக்கும் டிக்கெட்டுக்குத்தான் கண்டது. அங்கிருந்து நடை. அறையணிநல்லூர்ப் பாறைக் கோயில், பிறகு கீழூர்.

கீழூர்க் கோயிலில் பசிக்குச் சோறு கேட்டபோது குருக்கள் மறுத்தார். கோயில் மேளக்காரர் தமக்குரிய பிரசாதச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் அந்த அம்மாள் பையனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, கண்ணனுக்கென்று செய்த பட்சணத்தையும் படைப்பதற்கு முன்பே கட்டிக் கொடுத்தார். காதுக் கடுக்கனைப் பாகவதரிடம் நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, அந்தச் சீட்டையும் கிழித்தெறிந்துவிட்டு, செப்டம்பர் 1ஆம் தேதி காலை பையன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவர் குரு இல்லாமல் ஞானம் அடைந்ததைச் சொல்வார்கள். அது உண்மை. மதுரை வீட்டு மாடியில் சாவைப் பற்றிய பயம் தாக்கியபோது தனியாகப் படுத்து, செத்துப்போவது எது என்று தனக்குள்ளேயே பார்த்தவர் அவர். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் வழியெல்லாம் அவரைச் சுமந்தது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. தன் பங்குச் சோற்றைக் கொடுத்த மேளக்காரர், கண்ணனுக்கு வைத்ததைக் கொடுத்த பாகவதர் வீட்டம்மாள். தனியாக நடந்தவரின் வயிற்றில் இருந்தது பக்தர்கள் போட்ட சோறு.

மலையில் வந்து தங்கிய பிறகும் அப்படியேதான். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்து இழந்து துக்கம் தாளாமல் விரூபாட்ச குகைக்கு வந்த எச்சம்மாள், அதற்குப் பிறகு தன் ஆயுள் முழுக்க அவருக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தார். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, மௌனமாக இருந்த ரமணர் மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தாம் ‘நான் யார்?’ என்ற சிறு நூல். யாரையும் நம்பி இராமல் உன்னையே பார் என்று சொல்லும் நூல். அவர் யாருக்கும் முறைப்படி தீட்சை கொடுக்கவில்லை. தமக்குப் பின் இன்னார் குரு என்று யாரையும் நியமிக்கவில்லை. எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் போட்டதையே சாப்பிட்டார். அதிகாலையில் சமையற்கட்டில் காய் நறுக்கினார்.

அதே மனிதர்தான் மதுரை மீனாட்சி கோயிலில் அறுபத்து மூவர் திருவுருவங்களுக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டவர். பிச்சைக்குத் தெருவில் இறங்கும் அடியார்கள் பாடிக்கொண்டு போக ‘அக்ஷரமணமாலை’ இயற்றியவர். மலையைத் தம் குருவென்று சுற்றிச் சுற்றி வந்தவர். விசாரம் ஒரு வழி, சரணாகதி ஒரு வழி, இரண்டும் ஒரே இடத்தில்தான் சேரும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி இரவு அவர் உடல் அடங்கிக்கொண்டிருந்தபோது, வெளியே திண்ணையில் அடியார்கள் அந்த ‘அக்ஷரமணமாலை’யைப் பாடினார்கள். கேட்டுக்கொண்டே அவர் கண் திறந்து பார்த்தார்; கண்ணோரம் நீர் வழிந்தது. 8.47 மணிக்கு மூச்சு நின்றது. உன்னையே விசாரி என்று உலகத்துக்குச் சொன்னவரின் கடைசி நேரத்தில் அவரைச் சுற்றி இருந்தது கூட்டமாகப் பாடும் குரல். இதை முதலில் படித்த அன்று, என் ஏக்கம் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று புரிந்தது.

வடலூருக்குப் போனாலும் இதையேதான் காண்கிறேன். வள்ளலாருக்கும் மனித குரு கிடையாது. சின்ன வயதில் சென்னைக் கந்தகோட்டத்தில் முருகனுக்கு முன்னால் நின்று பாடத் தொடங்கியவர், கடைசிவரை பாடிக்கொண்டே இருந்தார். 1867இல் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1873இல் மேட்டுக்குப்பத்தில் தம் அறையிலிருந்த விளக்கை வெளியே எடுத்துவைத்து, அதை வழிபடச் சொன்னார். தம்மைச் சுற்றி நின்ற கூட்டத்தைத் தம் உடம்பிலிருந்து ஒளிக்குத் திருப்பிவிட்டார். ஆனால் கூட்டத்தைக் கலைக்கவில்லை. அவர்கள் சேர்ந்து உண்ணவும் சேர்ந்து வணங்கவும் இடம் கட்டிவைத்துவிட்டுப் போனார்.

கலைத்தவர் ஒருவர் உண்டு. 1909இல் அடையாறு கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில், தமக்காகவே அமைக்கப்பட்ட சங்கத்தைத் தம் வாயாலேயே கலைத்தார். உண்மைக்கு இன்ன பாதை என்று ஒன்று இல்லை, எந்த அமைப்பாலும் அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது என்றார். அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி நடையில் நான் உணர்ந்ததை அவர் சொற்கள்தாம் எனக்கு விளக்கின. ஆனால் அவரும் வேதமந்திரம் ஓதுவதை விரும்பியவர்தான். சென்னை வசந்த விஹாரில் மாலை நேரத்தில் மரத்தடியில் அவர் பேசும்போது, நிறையப் பேர் தரையில் நெருக்கி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். 1986 ஜனவரி 4இல் கடைசிப் பேச்சும் அங்கேதான். யாரையும் பின்பற்றாதீர்கள் என்று கேட்பதற்குக்கூட மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டார்கள்.

இதற்கெல்லாம் முந்தி, காவிரிக் கரையில் பஜனை மரபை வளர்த்த பெரியவர்கள் இதை வேறு விதமாகச் சொன்னார்கள். கோவிந்தபுரத்தில் சமாதி கொண்டுள்ள போதேந்திராளும், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளும் நாமம் சொல்ல எந்தத் தகுதியும் வேண்டாம் என்றார்கள். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் பாடும் முறையை ஒழுங்கு செய்தார். பிறப்பு வேண்டாம், படிப்பு வேண்டாம், நல்ல குரல்கூட வேண்டாம்; வாய் இருந்தால் போதும். எங்கள் பூக்கார ஆயா அந்தக் கூடத்தில் உட்கார முடிந்தது அந்த வார்த்தையால்தான். குருவின் படத்தை நாங்கள் நடுவில் வைத்திருந்தோம். ஆனால் எங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது பாட்டு. இது தெரிவதற்கு நான் வெளியே வரவேண்டியிருந்தது.

இன்று அந்த மாதிரிக் கூடங்கள் குறைந்துவிட்டன. கூடம் வைத்த வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டுகிறார்கள். ஹாலில் சோபாவும் டீவியும் போக நாலு பேர் சம்மணமிட இடம் இல்லை. டோலக் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்சேபம் வரும். பிள்ளைகள் பெங்களூரில், அமெரிக்காவில். நாமாவளி வரிசை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். குருமார்கள் பெரிய மைதானங்களுக்கும் திரைகளுக்கும் நகர்ந்துவிட்டார்கள். அங்கே ஒலிபெருக்கி பாடுகிறது, கூட்டம் கேட்கிறது. அமைதி வேண்டுகிறவர்கள் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றி, காதில் இயர்போன் மாட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அதில் தவறு இல்லை. அதனால் தூக்கம் பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காதில் அடுத்த மனிதரின் சுருதி சேராத குரல் விழாது. அழுதுகொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்த ஒருவரை அந்தக் கண் பார்க்காது.

குருவின் காலைப் பிடித்தால்தான் விடிவு என்பவர்களும் இருக்கிறார்கள். பக்தியே பலவீனம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். மனத்தை அடக்கும் வேலையை எனக்குப் பதில் எந்தக் குருவும் செய்ய முடியாது. அது அவரவர் தனியே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய நெஞ்சின் ஈரம் தனிமையில் ஊறுவதில்லை. எனக்கு அது அந்த ஜமக்காளத்தில் ஊறியது. சேர்ந்து பாடியபோது, ஒரே தொன்னைச் சுண்டலைப் பகிர்ந்தபோது, பாட முடியாத ஒருத்திக்காக வாய் திறந்தபோது ஊறியது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கை என்னுடையதாக இருக்கலாம். ஊற்று என்னுடையது என்று நான் எப்படிச் சொல்வேன்?

அம்மா இப்போது இல்லை. மாமி இல்லை, வாத்தியார் இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. பாதுகை எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறதோ, அதைத் தேடிப் போகும் ஆசை எனக்கு இல்லை. திரும்பவும் யாருக்காவது கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டேன். ஆனால் நாமாவளி வரிசை முழுக்க எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. எந்த இடத்தில் வேகம் எடுக்க வேண்டும், எங்கே இறக்கி நிறுத்த வேண்டும் என்பது கைத்தட்டலில் பதிந்திருக்கிறது. அந்த அக்காவின் முருகன் மெட்டும் இருக்கிறது. இவை என்னோடு போய்விடக் கூடாது. எங்கள் அடுக்ககத்தில் மார்கழி மாதம் சாயங்காலம் பாட ஆசைப்படும் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் வரிசை தெரியாது. கீழ்த்தளத்துப் பொது அறையைக் கேட்டிருக்கிறோம். நடுவில் யார் படமும் வேண்டாம், ஒரு விளக்குப் போதும் என்று பேசி வைத்திருக்கிறோம். எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேன். வாங்கிப் பாட யார் வந்தாலும் வரட்டும். சுருதி சேராவிட்டாலும் வரட்டும்.